பின்னச்சின் பல்லை எண்ணிப் பார்த்தல்

வெளிநாட்டிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த வட்டக் காகித கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டுக் கார் கொட்டகையில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தபோதுதான், அந்த கேஸ்கெட்டை வைத்து மூடுவதற்குரிய மூடியே எங்கள் வண்டியின் பின்னச்சில், அதாவது பின் டயர்களைச் சுழற்றும் அச்சில், இல்லை என்பது தெரிந்தது. கூடவே வந்த வாஷர்களையும் அளந்து பார்த்தேன். அவையும் வேறொரு பின்னச்சுக்கு உரியவை. அனுப்பியவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டது வண்டியின் ஆண்டு. நான் எழுதியனுப்பியது ஆர்.சி. புத்தகத்தில் இருந்த 1968. அந்த ஆண்டு வண்டிக்கு எது பொருந்துமோ அதையே சரியாக அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் பெரியப்பச்சி பினாங்கில் இருந்த தொழிலை முடித்துக்கொண்டு 1968 இல் ஊர் திரும்பியபோது கப்பலேற்றிக் கொண்டுவந்த, இங்கிலாந்தின் எம்ஜி நிறுவனம் தயாரித்த எம்ஜிபி அது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய, இரண்டே பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். அவர் காலத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. பொதுவில் இருக்கும் வீட்டுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடிய ஒரு திருமணத்தின்போது பேசி, வண்டியைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். செட்டிநாட்டின் காய்ந்த காற்றில் நின்றதால் அடித்தளத் தகடு அதிகம் துருப்பிடிக்கவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓரளவு எளிதில் சீராயின. மிஞ்சியது ஒரே ஒரு குறை: கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் கணத்திலும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்திலும் பின்னாலிருந்து 'டக்' என்று ஓர் அடி கேட்கும். கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு இரண்டையும் மாற்றியும் அது போகவில்லை. அப்படியானால் பின்னச்சின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்குள் இருக்கும் தாங்கு வாஷர்கள் தேய்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் மேற்படி பொட்டலத்தை வரவழைத்தேன்.

இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்னச்சில் எந்த டிஃப்ரன்ஷியல் (சுழற்சியை இரண்டு பின் டயர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கிறது என்பதை எப்படி அறுதியிட்டுக் கொள்வது என்பதைத்தான். வண்டியின் ஆண்டு அதைச் சொல்லாது, பதிவுப் புத்தகமும் சொல்லாது. வெளிக்கூடு சொல்வதும் பாதிதான். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கொடையாக வந்த இந்த வண்டியை, பல்லை எண்ணிப் பார்க்காமல் ஒழுங்காக வைத்திருக்க முடியாது என்பதை அனுபவத்தில் கண்டேன்.

முதலில் ஆண்டு பற்றிய குழப்பம். ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது வண்டி இங்கே பதிவான ஆண்டு. அது தயாரான ஆண்டு வேறு. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது, எண்ணின் முன்னால் ஜிஎச்என்3 என்ற எழுத்துகள் தெரிந்தன. இதில் முதல் எழுத்து எம்ஜியையும், இரண்டாவது எஞ்சினின் வகையையும், மூன்றாவது திறந்த இரண்டு இருக்கை உடலையும் குறிக்கும். கடைசியில் உள்ள 3, இது எம்ஜிபியின் முதல் வரிசை என்பதைச் சொல்கிறது. கூரையுள்ள ஜிடி வண்டியாக இருந்தால் மூன்றாம் எழுத்து மாறி ஜிஎச்டி3 என்று இருக்கும். 1967 இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வரிசை, ஜிஎச்என்4 என்று தொடங்கும். ஆகவே எங்கள் வண்டி 1968 இல் தயாரானதல்ல, அதற்கு முன்பே தயாரானது என்பது உறுதியானது.

இந்த வேறுபாடு பின்னச்சுக்கு ஏன் முக்கியம் என்றால், 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபியில் இரண்டு வகைப் பின்னச்சுகள் இருந்தன. தொடக்க காலத் திறந்த வண்டிகளில் இருந்தது பேஞ்சோ வகை. 1965 இல் ஜிடி வந்தபோது அதற்குத் தொடக்கத்திலிருந்தே சாலிஸ்பரி எனப்படும் குழாய் வகையைப் பொருத்தினார்கள். திறந்த வண்டிகளுக்கு அந்தக் குழாய் வகை 1967 வாக்கில்தான் வந்தது. எனவே ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகள் இரண்டு விதமான பின்னச்சுகளோடு வெளியே போயிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் வாஷர், பேரிங், சீல், கேஸ்கெட் எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நம்பி வாங்கக்கூடாது.

பொட்டலத்தோடு ஏமாந்து நின்ற அன்றே, காரைக்குடியில் ஐம்பது ஆண்டுகளாக அம்பாசடரும் லாரியும் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டியோட வயசைப் புத்தகத்துல பாக்காதீங்க. பின்னாடி போய்ப் படுத்து, கூட்டைத் தடவிப் பாருங்க, அது சொல்லும்" என்றார். மறுநாள் காலையில் அவரே பேருந்தேறி வந்துவிட்டார்.

தடவிப் பார்ப்பதற்கே ஒரு மணி நேர வேலை தேவைப்பட்டது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணும், பல ஆண்டுகளாகக் கசிந்த கியர் ஆயிலும் சேர்ந்து, கூட்டின் மேல் விரல் தடிமனுக்கு அடையாகப் படிந்திருந்தன. அந்த அடையோடு பார்த்தால் எந்தப் பின்னச்சும் உருண்டையாகத்தான் தெரியும். கரண்டியால் சுரண்டி, டீசலில் நனைத்த தேங்காய் நாரால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் உருவம் விளங்கியது.

பேஞ்சோ வகையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், பின்னாலிருந்து பாருங்கள் என்பேன். நடுவில் ஆப்பச்சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வழுவழுப்பான குமிழ் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கைபோல நீளும் பகுதிகள் அதே தகட்டின் தொடர்ச்சியாகச் சரிந்து போகும். பின்பக்கத்தில் ஒரு போல்ட்கூட இருக்காது. நட்டுகள் எல்லாம் முன்பக்கத்தில், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கைச் சுற்றி வட்டமாக இருக்கும். அந்த நட்டுகளைக் கழற்றினால் கிரவுன், அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான டெயில் பினியன், கிரவுனைத் தாங்கும் கூண்டு எல்லாம் ஒரே கட்டாக முன்புறமாக வெளியே வரும். பேஞ்சோ என்ற மேலைநாட்டு இசைக்கருவியின் வட்ட உடலும் நீண்ட கழுத்தும் நினைவுக்கு வந்ததால் அங்கே அந்தப் பெயர் வைத்தார்கள்.

குழாய் வகையில் நடுப்பகுதி கனமான வார்ப்பிரும்பு. அதற்குள் இரண்டு பக்கமும் இரும்புக் குழாய்களைச் செருகி அழுத்தியிருப்பார்கள். குழாய் எங்கே முடிகிறது, வார்ப்பு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். பின்பக்கத்தில் அழுத்தத் தகட்டாலான மூடி ஒன்று சுற்றிலும் போல்ட்டுகளோடு இருக்கும். எனக்கு வந்த கேஸ்கெட் அந்த மூடிக்கு உரியது. கிரவுனும் கூண்டும் இந்த வகையில் பின்புறமாக வெளியே வரும்.

வாங்கிச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: முழுப் பின்னச்சையே மாற்ற வேண்டி வந்தால், கம்பி வீல் வண்டிக்கும் தட்டு வீல் வண்டிக்கும் அச்சின் நீளம் வேறு. கம்பி வீலுக்கு உரியது குட்டையானது. எங்களுடையது தட்டு வீல்.

எண்ணெய் அளவும் வேறு. பேஞ்சோவுக்கு ஏறத்தாழ 1.28 லிட்டர், குழாய் வகைக்கு 0.85 லிட்டர். பேஞ்சோவைக் குழாய் வகை என்று எண்ணி அளந்து ஊற்றினால், மூன்றில் ஒரு பங்கு குறைவாக ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம். வகை தெரியாமல் செய்யும் பிழைகளில் வண்டிக்கு மிகக் கெடுதியானது இதுவாகத்தான் இருக்கும்.

ஆக, எங்கள் வண்டியில் இருப்பது பேஞ்சோ என்பது உறுதியாயிற்று. ஜிஎச்என்3 என்ற எழுத்துக்கும் அது பொருந்தியது. வேலை முடிந்தது என்று எழுந்தவனை மெக்கானிக் அண்ணன் விடவில்லை. "கூடு எம்ஜிபி கூடுதான். உள்ளே இருக்குற கிரவுனும் எம்ஜிபிதானான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

எம்ஜிபிக்குத் தொழிற்சாலை வைத்த விகிதம் 3.909. அதாவது கிரவுனில் 43 பல், டெயில் பினியனில் 11 பல். அதற்கு முன் 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏவில் 43 பல்லும் 10 பல்லுமாக 4.3 இருந்தது. அதன் கடைசி வடிவமான 1600 இரண்டாம் வரிசையில் மட்டும் 41 பல்லும் 10 பல்லுமாக 4.1. எம்ஜிஏவின் பின்னச்சும் பேஞ்சோதான். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றின் கிரவுனையும் பினியனையும் மற்றொன்றின் கூட்டுக்குள் ஏற்ற முடியும். டயரைச் சுழற்றும் ஆக்சில் ராடின் முனையில் இருக்கும் ஸ்ப்லைன் வரிகள் மட்டும் வேறு. எம்ஜிஏவில் அவை பருமனாகவும் குறைவாகவும், எம்ஜிபியில் நுண்மையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். அந்த முனை நுழையும் பல்சக்கரமான சன் கியரை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

விகிதத்தைக் கண்டுபிடிக்க டயரைச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும் என்பது பலரும் அறிந்த வழி. அதை நான் முதலில் தவறாகச் செய்தேன். இடப்பக்கப் பின் டயரை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரில் ஒரு சுண்ணாம்புக் குறியும் ஷாஃப்டில் ஒரு குறியும் இட்டு, டயரை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஷாஃப்ட் இரண்டு சுற்றைத் தாண்டிச் சிறிது நகர்ந்தது. அப்படியானால் விகிதம் இரண்டேசொச்சம் என்று குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு விகிதம் இந்த வண்டிக்கு இருக்கவே முடியாது.

டிஃப்ரன்ஷியல் செய்யும் வேலையை மனத்தில் வைத்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயர் உள்பக்க டயரைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதற்காகத்தான் கூண்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்களை வைத்திருக்கிறார்கள். இரண்டு டயர்களின் சுற்றுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதே கிரவுனின் சுற்று. ஒரு டயர் தரையில் அசையாமல் நிற்கும்போது, தூக்கிய டயர் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். நான் டயரை ஒரு முறை சுற்றியபோது கிரவுன் அரைச் சுற்றுத்தான் வந்திருந்தது.

அதோடு, ஒரு சுற்றை வைத்து 3.9 என்றும் 4.3 என்றும் பிரித்துச் சொல்வது கடினம். இடையில் உள்ள வேறுபாடு ஷாஃப்டின் அரைச் சுற்றுக்கும் குறைவு. தேய்ந்த பின்னச்சில் பற்களுக்கு இடையே இருக்கும் தளர்வு, அதாவது பிளேயே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்தப் பிழை சுருங்கும்.

மெக்கானிக் அண்ணனும் நானும் இரண்டாம் முறை செய்தது இப்படி. முன் டயர்கள் இரண்டுக்கும், தரையில் நிற்கும் வலப்பக்கப் பின் டயருக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டும் வைத்தோம். கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினோம். டயரை ஒரே திசையில் சற்றுச் சுற்றி, பிளே முழுவதையும் அந்தப் பக்கமாக வாங்கிக்கொண்ட பிறகே குறிகளை இட்டோம். ஷாஃப்ட் பின்னச்சோடு சேரும் தட்டான ஃபிளாஞ்சில் ஒரு கோடு, அதற்கு நேராகக் கூட்டின் மூக்கில் ஒரு கோடு. நான் டயரைச் சுற்றி உரக்க எண்ணினேன். அவர் அடியில் படுத்து ஷாஃப்டை எண்ணினார்.

பத்தாவது சுற்றில் நிறுத்தச் சொன்னார். ஷாஃப்டின் கோடு மூக்கின் கோட்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நின்றது. இருபத்தொன்றரைச் சுற்று. மேலும் பத்துச் சுற்றினேன். இருபதாவது சுற்று முடிந்தபோது கோடும் கோடும் மயிரிழை பிசகாமல் நேர்க்கு நேர் வந்து நின்றன. அவர் கணக்கு 43.

அந்தக் கோடுகள் சேர்ந்து நின்ற விதம் வெறும் விகிதத்தைவிட அதிகமாகச் சொல்கிறது. 43 க்கும் 10 க்கும் பொது வகுஎண் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே பல் அதே பல்லோடு மோதித் தேயாமல், ஒரு பினியன் பல் முறை வைத்து எல்லாக் கிரவுன் பற்களையும் தொட்டுவர வேண்டும் என்பதற்காகவே இப்படிப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் தொடங்கிய அதே பல் ஜோடி மறுபடி சந்திப்பது, கிரவுன் பத்துச் சுற்றும் பினியன் 43 சுற்றும் முடித்த பிறகுதான். பினியனில் 11 பல் இருந்திருந்தால், டயரின் 20 ஆம் சுற்றில் ஷாஃப்ட் 39 சுற்று முடித்து, 40 ஆவதில் பதினொன்றில் ஒரு பங்கு போயிருக்கும். கோடுகள் சேர்வது டயரின் 22 ஆம் சுற்றில்தான்.

ஆகவே கிரவுனின் பல் எண்ணிக்கை 43 போல ஒற்றைப்படையாக இருக்கும் வண்டியில், ஒரு டயர் தரையில் நிற்க, மற்றதை முழுமுழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டே போய், கோடுகள் முதன்முதலாகச் சரியாகச் சேரும் இடத்தில் ஷாஃப்டின் சுற்றைக் குறித்துக்கொண்டால் அது கிரவுனின் பல் எண்ணிக்கை. டயர் சுற்றில் பாதி, பினியனின் பல் எண்ணிக்கை. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே இருக்கும் பல்லை எண்ணிவிடலாம். இரண்டு எண்ணும் தேவை என்பதை அழுத்திச் சொல்கிறேன். 43 பல் கிரவுன் எம்ஜி வண்டிகள் பலவற்றில் இருக்கிறது: எம்ஜிஏவில் 10 பல் பினியனோடு, எம்ஜிபியில் 11 ஓடு, எம்ஜிசி சிலவற்றில் 13 ஓடு, வி8 எஞ்சின் வைத்த ஜிடியில் 14 ஓடு. கிரவுனை மட்டும் எண்ணிவிட்டு ஒரு முடிவுக்கு வருபவர் இவற்றில் எதை வேண்டுமானாலும் கையில் வைத்திருக்கக்கூடும்.

எங்கள் வண்டியின் கூட்டுக்குள் இருந்தது 43 க்கு 10. எம்ஜிஏவின் விகிதம்.

அந்த எண் வெளிவந்ததும், இத்தனை மாதமாக என்னை உறுத்திய வேறொரு விஷயம் தெளிந்தது. திருமயம் சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டியபோது, பத்துக் கிலோமீட்டருக்கு மைல் கணக்கில் 6.2 காட்ட வேண்டிய தூரமானி 6.8 காட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீடோமீட்டர் பழுது என்றே நினைத்து அதைக் கழற்றத் துணிந்திருந்தேன். ஆனால் அதற்கு வரும் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து கிளம்புகிறது. டயர் எத்தனை சுற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஷாஃப்ட் சுற்றுவதை வைத்து, பின்னச்சு 3.909 தான் என்ற நம்பிக்கையில் கணக்குச் சொல்கிறது. 4.3 ஐ 3.909 ஆல் வகுத்தால் 1.1 வரும். நூற்றுக்குப் பத்து அதிகம். 6.2 மைல் 6.8 ஆனது இதனால்தான். டயர் அளவு மாறியதாலும் இப்படி நேரலாம் என்பது உண்மை. ஆனால் எங்கள் டயரை அளந்து பார்த்ததில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் அதன் மேல் பழி போட இடமில்லை.

ஆர்.பி.எம். மீட்டரும் இதையே சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. டாப் கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்றுச் சுற்றும்போது எம்ஜிபி மணிக்கு 17.9 மைல், அதாவது 28.8 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 2,780 சுற்று காட்ட வேண்டிய முள், எங்கள் வண்டியில் 3,050 ஐ ஒட்டி நிற்கும். நடைபழகும் வேகத்தில் வண்டி இலகுவாக இழுப்பதும், நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்றுக் கூடுதலாக இரைவதும் இதனால்தான்.

பொதுவாக இந்த மூன்று சாட்சிகளையும், அதாவது கோடு சேரும் சுற்று, தூரமானி, எஞ்சின் சுற்று ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பது நல்லது. மூன்றும் ஒரே விடை சொன்னால் மட்டுமே பணத்தை எடுக்க வேண்டும்.

வாஷர் மாற்றுவதற்காகக் கூட்டைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. கியர் ஆயிலை வடித்து, ஷாஃப்ட் ஃபிளாஞ்சுகள் இரண்டிலும் குறியிட்டுப் பிரித்து, பின் டிரம்களைக் கழற்றி, ஆக்சில் ராடுகள் இரண்டையும் வெளியே இழுத்த பிறகு, முன்பக்க நட்டுகளை எடுத்து, கிரவுன் கட்டை இருவரும் சேர்ந்து இறக்கினோம். அது நல்ல கனம். மல்லாந்து படுத்த ஒருவர் தனியாகத் தாங்க முயலக்கூடாது. வெளியே திண்ணை வெளிச்சத்தில் வைத்துத் துடைத்துப் பற்களை எண்ணினோம். கிரவுனில் 43, பினியனில் 10. சன் கியர்களின் ஸ்ப்லைன் நுண்மையானது, எம்ஜிபிக்கு உரியது. ஆக, கூடும் ஆக்சில் ராடும் சன் கியரும் பிறந்த வண்டியைச் சேர்ந்தவை. கிரவுனும் டெயில் பினியனும் மட்டும் பின்னால் வந்து சேர்ந்தவை.

வார்ப்பின் மேல் புடைத்த எழுத்துகளும் இருந்தன. கறுத்த இரும்பில் அவை கண்ணுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் இருந்த கோலமாவை விரலால் தொட்டுத் தேய்த்ததும் எழுத்தின் விளிம்புகள் வெள்ளையாக எழுந்து நின்றன. ஆனால் வார்ப்பு எண், அந்த வார்ப்பு எந்த அச்சில் ஊற்றப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதற்குள் யார் எந்தப் பல்லை வைத்தார்கள் என்பதை அது அறியாது. அதைவிடப் பயனுள்ள எண், கிரவுனின் ஓரத்திலும் பினியனின் முகத்திலும் மெல்லிய கீறலாக எழுதப்பட்டிருக்கும் ஜோடி எண். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓட்டித் தேய்த்துப் பொருத்தப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சல் தீராது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே எண் இருந்தது. இந்த மாற்றத்தைச் செய்தவர் ஜோடி பிரிக்காமல், சன் கியரைச் சரியாகத் தேர்ந்து, தொழில் தெரிந்து செய்திருக்கிறார்.

யார் என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. பெரியப்பச்சி ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதியவர். இரண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டிக்குள் இருந்த அவருடைய பேரேடுகளைப் பெரியாத்தாவிடம் கேட்டு வாங்கிப் புரட்டினேன். 1974 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வரி: 'மதுரையில் காருக்குக் கிரவுன், டெயில் பினியன் மாற்றிய வகையில்'. பெரியாத்தாவுக்கும் அது நினைவிருந்தது. வண்டி இரண்டு மாதம் மதுரையிலேயே நின்றதாகவும், ஐயா வீட்டுத் திருமணத்துக்கு அது வந்துசேராததால் பெரியப்பச்சி வருத்தப்பட்டதாகவும் சொன்னார்கள். வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது அரிதாக இருந்த அந்தக் காலத்தில், மதுரையில் யாரோ ஒரு மெக்கானிக் எங்கிருந்தோ ஓர் எம்ஜிஏ ஜோடியைத் தேடிப் பிடித்து, அதை இந்தக் கூட்டுக்குள் ஒழுங்காக உட்கார வைத்திருக்கிறார். அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது.

நண்பர் ஒருவர் தன்னுடைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் டிஃப்ரன்ஷியல் சேஸிஸோடு பொருத்தப்பட்டது. அச்சுக்கூடு என்று தனியாக ஒன்றில்லை. மூன்றாம் வரிசை வரை 37 க்கு 9, அதாவது 4.11. நான்காம் வரிசையில் 35 க்கு 9, அதாவது 3.89. ஸ்பிட்ஃபயர் 1500 இல் 29 க்கு 8, அதாவது 3.63. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் உதிரிபாகம் தேடும்போது அதன் டிஃப்ரன்ஷியல்தான் முதலில் கைக்கு அகப்படும். இங்கிலாந்தில் 948 சிசி ஹெரால்டுக்கு வைத்த விகிதம் 4.875. அப்படிப்பட்ட ஒன்றை ஸ்பிட்ஃபயர் 1500 இல் மாட்டினால் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். சுற்றி எண்ணிப் பாராமல் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அதன் சாலிஸ்பரி டிஃப்ரன்ஷியலின் மூடி போல்ட் ஒன்றில் சிறு தகடு ஒன்றை மாட்டி, அதில் 46/15, 43/13 என்று பல் எண்ணிக்கையையே பொறித்திருப்பார்கள். தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும் என்பதால் அதையும் எண்ணிச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் அடுத்து வருபவருக்காக எழுதி வைக்கும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, 43 க்கு 11 ஜோடியை வரவழைத்து வண்டியைப் பிறந்த நிலைக்குக் கொண்டுவருவதா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். பற்களில் குழியோ உதிர்வோ இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஒன்றோடொன்று பழகிய ஜோடி அது. எண் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அமைதியாக ஓடும் ஜோடியைப் பிரித்துவிட்டுப் புதிய ஒன்றின் இரைச்சலை வாங்கிக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூருக்கும் ஆத்தங்குடிக்கும் போய்வருகிற வண்டிக்கு 4.3 போதும். பேஞ்சோவுக்கு உரிய தாங்கு வாஷர்களை, இந்த முறை கூட்டின் படம், பல் எண்ணிக்கை, ஸ்ப்லைனின் படம் மூன்றையும் அனுப்பி வரவழைத்தோம். பழைய வாஷர்கள் காகிதம்போல் தேய்ந்திருந்தன. அந்த 'டக்' ஓசை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கட்டைத் திரும்ப ஏற்றுவதற்கு முன், காரைக்குடியில் பாத்திரப் பட்டறை ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டை வெட்டி வாங்கி, அதில் 43/10 என்று உளியால் பொறித்து, முன்பக்க நட்டுகளில் ஒன்றின் அடியில் மாட்டினேன். பேரேட்டிலும் 1974 வரிக்கு நேரே பல் எண்ணிக்கையையும் ஜோடி எண்ணையும் எழுதி வைத்தேன். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலை 1.28 லிட்டர் அளந்து ஊற்றி, கொட்டகைத் தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வண்டியை அதன் மேல் நிறுத்தினோம். எட்டு நாள் கழித்து மெக்கானிக் அண்ணன் வந்து துணியை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, தானே திருமயம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.